கூட்டம் மாறத் தயாரா?

ஒன்பது வருஷமாக ஒரு வேலையைச் செய்துவருகிறவளுக்கு அந்த வேலை தெரியுமா என்று கண்டுபிடிக்க எட்டு அதிகாரிகளும், ஒரு கல்யாண மண்டபமும், இலை போட்ட சாப்பாடும் தேவைப்பட்டன. அப்படியும் கண்டுபிடித்தார்களா என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யோகப்பிரியாவுக்கு முப்பத்தொன்பது வயது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கிற சுண்டக்களத்தில், பால் குளிரூட்டும் நிலையத்தில் அவளுக்கு வேலை. விடிகாலை ஐந்து மணிக்கு ஒருதரம், சாயங்காலம் நாலு மணிக்கு ஒருதரம் கேன் கேனாகப் பால் வரும். ஒவ்வொரு கேனையும் திறந்து, முகர்ந்து பார்த்து, லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, இது நல்ல பால், இது தண்ணீர் கலந்த பால், இது நேற்று மிஞ்சியதை இன்று சேர்த்த பால் என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சொன்ன பிறகுதான் பால் தொட்டிக்குள் போகும். மழை, காய்ச்சல், ஹர்த்தால் எதற்கும் பாலுக்கு விடுமுறை கிடையாது என்பதால் அவளுக்கும் கிடையாது.

கூட இரண்டு பேர். குளிரூட்டும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்கிற அர்த்தநாரிக்கு ஐம்பத்தொரு வயது. எந்திரம் நின்றுபோனால் முதலில் ஒரு தட்டு, அப்புறம் ஒரு வசவு, அதற்கும் மசியாவிட்டால்தான் ஸ்பேனரை எடுப்பார். புதுநகரத்து நவ்ஷாத் முப்பது வயதுக்காரன். கேன்களை இறக்குவதும் வேன் ஓட்டுவதும் அவன் பொறுப்பு. வேலை நேரத்தில் மூவரும் பேசிக்கொள்வது அபூர்வம். யோகப்பிரியா கேனை இரண்டு தட்டுத் தட்டினால் நவ்ஷாத் அதைத் தொட்டிப் பக்கம் உருட்டுவான், ஒரு தட்டு என்றால் ஒதுக்கி வைப்பான். அவள் கையை உயர்த்தினால் அர்த்தநாரி எந்திரத்தை முடுக்குவார். மூன்று பேரும் தினக்கூலி.

நிலையத்துக்கு ஒரு மேனேஜரும் உண்டு. பூபதிராஜா என்று பெயர். காலைப் பால் போன பிறகு பத்தரைக்கு வருவார், சாயங்காலப் பால் வருவதற்கு முன் மூன்றரைக்குப் போய்விடுவார். ஐந்து வருஷமாக அந்த நிலையத்தில் அவர் பாலைப் பார்த்தது டீயில்தான்.

யோகப்பிரியாவின் வயிற்றில் ஒரு கட்டி இருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது, அப்புறம் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்று பாலக்காட்டு டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. தினக்கூலிக்காரிக்கு ஆறு வாரம் லீவு என்று ஒன்று கிடையாது. போனால் போனதுதான், அந்த இடத்தில் வேறு ஆள் நிற்கும். மாதத்தில் பத்து நாள் அவளுக்கு உதிரம் நிற்காது. அந்தப் பத்து நாளும் இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கேன்களைத் தட்டிக்கொண்டிருந்தாள். நிரந்தரமானால் லீவு கிடைக்கும், ஆபரேஷன் செய்துகொள்ளலாம். அவள் ஆசைப்பட்டதெல்லாம் ஆறு வாரம் படுத்துக்கொள்வதற்கு.

அதனால்தான், மூன்று இடங்களையும் நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று உத்தரவு வந்தபோது அவள் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். பூபதிராஜா இரண்டாம் தடவை கீழே இருந்த வரியையும் வாசித்தார். ‘மாறிவரும், குழு சார்ந்த பணியிடங்களுக்கு ஏற்ற திறன் உள்ளவர்கள்தானா என்பதை நாளைய பணித்திறன் மிஷன் மதிப்பிட்ட பிறகே நியமனம்.’ நிலையத்தில் ஒன்பது வருஷத்தில் மாறியது சுவரில் தொங்கிய காலண்டர் ஒன்றுதான் என்பதை யாரும் சொல்லவில்லை.

“பால் டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுவாங்களாங்க சார்?” என்று கேட்டாள் யோகப்பிரியா.

“பாலா? பால் எங்கம்மா நடுவுல வருது?” என்றார் பூபதிராஜா. “பால் தெரிஞ்சவங்க ஊருக்கு நூறு பேரு கெடைப்பாங்க. இனிமே மனோபாவந்தான். வேலை தெரியாட்டிக்கூட பரவாயில்லீங்கற கட்டத்துக்கு ஒலகம் வந்துருச்சு. நானே அதுக்கு உதாரணம்.”

கடைசி வாக்கியத்தை அவர் அடக்கமாகத்தான் சொன்னார்.

மதிப்பீடு வாளையார் நெடுஞ்சாலை ஓரம் ஒரு கல்யாண மண்டபத்தில். காலைப் பாலை முடித்துவிட்டு, சாயங்காலப் பாலுக்குத் திரும்பிவிடலாம் என்ற கணக்கில் மூவரும் வேனிலேயே போனார்கள். பதினாலு நிலையங்களிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள். முதல் நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் அப்படியே இருந்தது. பன்னீர் தெளித்து, கல்கண்டு கொடுத்து, கழுத்தில் அட்டை மாட்டி உள்ளே விட்டார்கள். பன்னீரும் கல்கண்டும் மண்டபத்து வாடகையில் சேர்த்தி, வேண்டாம் என்றாலும் கழிக்க மாட்டார்களாம்.

முதலில் ஒரு படிவம். மிஷன் அதைத் திருவனந்தபுரத்தில் மலையாளத்தில் எழுதி, எல்லைப்பகுதித் தமிழர்கள்மேல் கரிசனம் கொண்டு தமிழில் பெயர்த்திருந்தது. பெயர்த்தவர் ‘குழு’ என்ற சொல்லை எங்கேயும் வைக்கவில்லை. மலையாளத்தில் இருந்த ‘கூட்டம்’ தமிழிலும் கூட்டமாகவே உட்கார்ந்திருந்தது.

கேள்வி ஒன்று: உங்கள் கூட்டம் எது?

கேள்வி இரண்டு: இதற்கு முன் வேறு கூட்டத்தில் இருந்ததுண்டா?

கேள்வி மூன்று: தேவைப்பட்டால் கூட்டம் மாறத் தயாரா?

சென்னையிலோ மதுரையிலோ இதைக் கொடுத்திருந்தால் எந்தக் கூட்டம் என்று யாராவது எழுந்து கேட்டிருப்பார்கள். கிழக்குப் பாலக்காட்டுக் கவுண்டர் வீடுகளில் கேட்கத் தேவையில்லை. அங்கே கூட்டம் என்றால் குலம். காடைக் கூட்டம், ஆந்தைக் கூட்டம் என்று பெயர் உண்டு. ஒரே கூட்டத்தார் பங்காளிகள், பெண் கொடுத்து எடுக்க மாட்டார்கள். பெண்ணுக்குக் கல்யாணமானால் புருஷன் கூட்டம். இதை எதற்குச் சர்க்கார் கேட்கிறது என்று யோகப்பிரியாவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் சர்க்கார் கேட்காதது எது? ரேஷன் கார்டுக்குக் கேட்டதைவிட இது குறைச்சல்தான். ‘காடை’ என்று எழுதினாள். முன்பு இருந்த கூட்டத்துக்கு ‘ஆந்தை’ என்று எழுதினாள். மாறத் தயாரா என்பதற்கு எதிரே, ‘மாறியாச்சு’ என்று எழுதினாள்.

பக்கத்தில் அர்த்தநாரியும் ‘காடை’ என்றே எழுதிவிட்டு, மூன்றாம் கேள்வியைப் பார்த்து முகம் சிவந்துபோனார்.

“ஏனம்மிணி, ஆம்பளையக் கூட்டம் மாறச் சொல்றானே, இவனுக்கு என்ன கொழுப்பு?”

“எளுதிப்போட்டு வாங்க மாமா. நாலு மணிக்குப் பால் வருது.”

அவர் ‘செத்தாலும் மாட்டேன்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். நவ்ஷாத் ராவுத்தர் வீட்டுப் பையன். கவுண்டர்களின் கூட்டம் பற்றி அவனுக்குத் தெரியும், தனக்கு அப்படி ஒன்று இல்லை என்பதும் தெரியும். ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான். மண்டபத்தில் பாதிப் பேர் இவர்கள் எழுதியது போலத்தான் எழுதினார்கள். நாலு நிலையங்களில் ஆந்தைக் கூட்டம் இருப்பதைக் கண்ட மிஷன், எல்லைப்பகுதியில் இரவுப் பணி செழிப்பாக நடக்கிறது என்று பிற்பாடு அறிக்கையில் பாராட்டியிருந்தது.

அப்புறம் தலைமை மதிப்பீட்டாளரின் தொடக்க உரை. ஜோமோன் என்று பெயர், எர்ணாகுளத்துக்காரர், நல்ல மனிதர், முகத்திலிருந்து சிரிப்பை எடுக்கவே மாட்டார். தமிழர்களிடம் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

“பிரியப்பட்டவங்களே. வேலை என்று ஒன்று இனி இல்ல, கேட்டோ. யாத்திரை மாத்திரம்தான். நான் எட்டு வருஷத்துல பதினோரு கம்பெனி மாறினவன். ஒரு இடத்துலயும் நான் செய்த வேலை என்னன்னு யாரும் கேட்டதில்ல. ஏன்? மாறுறதுதான் என்னோட வேலை.”

நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் அவர் பேச்சை நிறுத்துவார். லாரி கடந்த பிறகு விட்ட இடம் மறந்துபோய் வேறெங்கோ தொடங்குவார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. முன்வரிசையில் பூபதிராஜா ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கைதட்டினார்.

பிறகு கூட்டுப்பணிச் சோதனை. வெளிநாட்டில் இதற்கு நீளமான மாவுக்குச்சிகளையும் பஞ்சுபோன்ற ஒரு மிட்டாயையும் கொடுத்துக் கோபுரம் கட்டச் சொல்வார்களாம். வாளையாரில் அது கிடைக்காததால் சேமியாவும் தேன்மிட்டாயும் வாங்கியிருந்தார்கள். இருபது நிமிஷத்தில் சேமியாவால் கோபுரம் கட்டி அதன் உச்சியில் தேன்மிட்டாயை வைக்க வேண்டும். காடைக் கூட்டத்து ஆட்கள் இருவரும் பழகியவர்கள் என்பதால், புதிய கூட்டத்தில் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்று பார்க்க, அர்த்தநாரியையும் யோகப்பிரியாவையும் வேறு வேறு மேசைக்கு அனுப்பினார்கள். எந்தக் கூட்டமும் இல்லாத நவ்ஷாத்தைத் தனி மேசையில் தனியாக உட்கார வைத்துக் கூட்டாக வேலை செய்யச் சொன்னார்கள்.

யோகப்பிரியாவின் மேசையில் ஐந்து பேர். அவர்களில் நாலு பேர் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவர்கள், தலைமைப் பண்புக்குத்தான் மார்க்கு என்று அறிந்தவர்கள். நாலு தலைவர்களும் சேமியாவைத் தொடாமல், யார் எதைச் செய்ய வேண்டும் என்று ஒருவருக்கொருவர் பணிவாக உத்தரவிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் ஒரு கட்டு சேமியாவை நூலால் சுற்றி மேசைமேல் நிறுத்தி, விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அடிவயிறு கடுத்தது. காலையில் நாலு மணிக்கு எழுந்தவளுக்கு நின்றபடியே கண் செருகியது. மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து எட்டிப்பார்த்து, ‘பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தார். கருத்துச் சொல்லவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார்.

பக்கத்து மேசையில் அர்த்தநாரியின் குரல் கேட்டது. “கொஞ்சம் பாலும் சர்க்கரையும் குடுத்தீங்கன்னா பாயசம் வெச்சுப்போடலாமுங்க. இதுக்கு வேற உபயோகம் இல்லீங்க.” அதைப் புத்தாக்கச் சிந்தனை என்று ஒருவரும், கீழ்ப்படியாமை என்று ஒருவரும் குறித்ததால் அவருக்கு அந்தப் பகுதியில் சைபர்.

இரண்டு மணிக்கு யோகப்பிரியாவை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மணமகள் அறைதான் நேர்காணல் அறை. கண்ணாடியைச் சுற்றி ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. நடுவில் ஜோமோன், இரண்டு பக்கமும் லேப்டாப்போடு ஆளுக்கொருவர்.

“சேச்சி, காடைக் கூட்டம். நல்ல பேரு. பறவை பேரு வெச்ச கூட்டம்னா எங்களுக்கு வலிய இஷ்டம். எத்தன பேரு இருக்காங்க?”

யோகப்பிரியா யோசித்தாள். “எண்ணுனதில்லீங்க. ஆயிரக்கணக்குல இருப்பாங்க. காங்கயம், ஈரோடு அந்தப் பக்கமெல்லாம் இருக்காங்க.”

இரண்டு லேப்டாப்புகளும் ஒரே சமயத்தில் தட்டப்பட்டன.

“அதுக்கு முன்ன ஆந்தை. அங்க எத்தன வருஷம்?”

“அது பொறந்த கூட்டமுங்க. கண்ணாலம் வரைக்கும் இருவத்தோரு வருசம்.”

“இருவத்தொண்ணு.” அவர் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். இந்தக் காலத்தில் யார் ஒரே இடத்தில் அவ்வளவு நாள் இருக்கிறார்கள்? “பின்ன எதுக்கு மாறினீங்க?”

“கட்டிக் குடுத்துட்டாங்க.”

“உங்க அபிப்பிராயம் கேட்டாங்களா?”

“இல்லீங்க.”

“கேக்காம மாத்தியும் போனீங்க. புதுக் கூட்டத்துல மொதல் நாள் எப்படி?”

“அளுதனுங்க.”

“அப்புறம்?”

“மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னாங்க. எந்திருச்சுப் போயிக் காட்டுனேன்.”

ஜோமோன் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். மாற்றத்தைத் தாங்குதல் பற்றி அவர் மூன்று புத்தகம் வாங்கியிருந்தார். இவ்வளவு சுருக்கமாக எதிலும் எழுதியிருக்கவில்லை.

“கூட்டத்துக்குள்ள அபிப்பிராய வித்தியாசம் வந்தா?”

“பங்காளின்னா சண்டை இல்லாம இருக்குமுங்களா? வரப்புத் தகராறு ஒண்ணு, சித்தூர் கோர்ட்டுல பதினாலு வருசமா நடக்குதுங்க.”

“பதினாலு வருஷச் சண்டைக்குப் பிறகும் அந்தக் கூட்டத்துலதான் இருக்கீங்க?”

“எங்கீங்க போறது?”

இதற்குள் யோகப்பிரியாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மார்க்கு விழுகிறது என்பதும் தெரிந்தது. ஆனாலும் தண்ணீர் கலந்த பாலைப் பால் என்று எழுதிப் பழக்கமில்லாதவள் அவள்.

“சார், நீங்க கேக்கற கூட்டம் வேறீங்க. இது சாதிசனத்துக் கூட்டம். நான் வேலையில மூணு பேருகூடத்தான் இருக்கறனுங்க, என்னையும் சேத்து.”

ஜோமோனின் சிரிப்பு இன்னும் விரிந்தது. “சேச்சி, டீம் என்றால் குடும்பம். எங்க மிஷனோட முத்திரை வாக்கியமே அதுதான். நீங்க அத வாழ்ந்தே காட்டிட்டீங்க.” பிறகு ஒரு தாளைப் புரட்டினார். “இதையும் பாத்தேன். நீங்க இந்த நிலையத்துல பதினெட்டுத் தடவை சேந்து, பதினெட்டுத் தடவை விலகியிருக்கீங்க. ஒரே இடத்துல பதினெட்டு வேலை மாற்றம். என்னோடதவிடக் கூடுதல்.”

தற்காலிகக்காரர்களை நூற்றெழுபத்தொன்பது நாளுக்கு மேல் தொடர்ச்சியாக வைத்தால் உரிமை கேட்பார்கள் என்று, ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஒரு நாள் பேரை வெட்டி, மறுநாள் புதிதாகச் சேர்ப்பார்கள். வெட்டிய நாளிலும் அவள் வந்து கேன் தட்டிவிட்டுத்தான் போவாள், அன்றைக்கு மட்டும் கையெழுத்துக் கிடையாது. இதைச் சொல்ல வாயெடுத்தவளுக்கு அலுப்பாக இருந்தது. எதைச் சொன்னாலும் மார்க்காகிவிடுகிற இடத்தில் என்ன பேசுவது?

“பாலப் பத்தி ஒண்ணுமே கேக்கலீங்களே” என்று மட்டும் சொன்னாள்.

“அத எப்படிக் கேக்கறது சேச்சி? எங்களுக்குப் பால் பத்தித் தெரியாதல்லே” என்றார் ஜோமோன், ஒளிவுமறைவில்லாமல்.

கடைசித் தாளைக் கொடுக்கும்போது மணி மூன்றேகால். மூவரையும் மண்டபத்தின் மூன்று மூலையில் உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. இரண்டே கேள்விகள். ‘உங்கள் பணியிடத்தில் யார் ஒரு மாதம் வராவிட்டாலும் வேலை தடைபடாது? யார் ஒரு நாள் வராவிட்டாலும் வேலை நின்றுபோகும்?’ காலையிலிருந்து கேட்டவற்றில் அர்த்தமுள்ள கேள்வி இதுதான் என்று யோகப்பிரியாவுக்குப் பட்டது. முதலாவதற்கு ‘பூபதிராஜா’ என்று எழுதி, மரியாதைக்கு ‘சார்’ சேர்த்தாள். இரண்டாவதற்கு ‘அர்த்தநாரி மாமா’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேனுக்கு ஓடினாள்.

வேனில் போகும்போதுதான் தெரிந்தது. முதல் கேள்விக்கு மூன்று பேரும் ஒரே பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். மூவரும் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார்கள்.

“ரெண்டாவதுக்கு ஒங்க பேரத்தான்க்கா எழுதினேன்” என்றான் நவ்ஷாத். “அக்கா இல்லாட்டி எந்தக் கேனு நல்ல கேனுன்னு எனக்கு என்ன தெரியும்? அதப் படிச்சாலே போதும், ஒங்களுக்கு ஆர்டர் குடுத்துருவாங்க.”

“நானும் அம்மிணி பேருதான். எந்திரம் நின்னாக்கூட ஐஸ் வாங்கிப்போட்டுச் சமாளிக்கலாம்” என்றார் அர்த்தநாரி.

யோகப்பிரியா வெளியே பார்த்துக்கொண்டாள். அழுகை வந்தது, சந்தோஷமாகத்தான். ஒன்பது வருஷத்தில் அவளைப் பற்றி யாரும் இப்படி எழுதிக் கொடுத்ததில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதிக்கு ஆபரேஷனுக்கு இடம் போட்டு வைத்தாள்.

முடிவு மூன்று வாரத்தில் வந்தது. வந்தது என்பதைவிட, ஃபிளெக்ஸ் பேனரோடு ஜோமோனே கொண்டுவந்தார் என்பது சரி. காலைப் பால் முடிந்திருந்த நேரம். கேன்களை ஓரமாக ஒதுக்கி நாற்காலி போட்டார்கள். பேனரில் பூபதிராஜாவின் படம் ஆளுயரத்துக்கு இருந்தது.

“மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான இடத்துல இந்தக் கேள்விய வெச்சோம்” என்றார் ஜோமோன். “ஒரு இடத்துலயும் எல்லாரும் ஒரே பேரு எழுதினதில்ல. இங்க, மூணு மூலையில இருந்து மூணு பேரு, பேசாம, நோக்காம, ஒரே பேரு. பூபதிராஜா. இவர் ஒரு மாசம் வராட்டியும் வேலை தடைபடாது. தலைமையோட உச்சம் எது? தலைவர் தேவையில்லாமப் போறது. மத்தவங்க அதுக்கு ஆயுள் முழுக்கப் பிரயாசப்படறாங்க. இவர் அஞ்சு வருஷத்துல சாதிச்சிட்டார்.”

பூபதிராஜாவுக்கு மண்டல மேலாளர் பதவி. அதற்கு முன் டென்மார்க்கில் பால் பண்ணைகளைப் பார்த்துவர ஒரு மாதப் பயணம், சம்பளத்தோடு லீவு. மைக்கை வாங்கி, பேனரில் இருந்த தன் படத்தை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

“இத்தன வருசமா இந்த நெலையத்துல நீ என்னய்யா பண்றேன்னு நெறையப் பேரு என்னையக் கேட்டிருக்காங்க. பதில் சொல்லத் தெரியாம முளிச்சிருக்கேன். நான் என்ன பண்ணிட்டிருந்தேங்கறது இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது.”

அடுத்து தொழிலாளர் முடிவு. கூட்டத்தில் இருந்த அனுபவமே இல்லாததால் நவ்ஷாத் தகுதி பெறவில்லை. காடைக் கூட்டத்தை விட்டு மாற எழுத்து மூலம் மறுத்ததால் அர்த்தநாரி தகுதி பெறவில்லை. இருவரும் இப்போது இருப்பதுபோலத் தினக்கூலியில் தொடரலாம். யோகப்பிரியா மொத்த மார்க்கில் மாநிலத்திலேயே முதலிடம். அவளை முன்னால் கூப்பிட்டு, ‘இன்றியமையாதவர்’ என்று பொன்னெழுத்தில் அச்சடித்த சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். இதுவரை சரியாகத்தான் போயிற்று.

“ஆனா ஒரு சின்னப் பிரச்னை, சேச்சி” என்றார் ஜோமோன். “நீங்க ஒரு நாள் வராட்டியும் இந்த நிலையம் நின்னு போகும். ஒங்களோட வேலை செய்றவங்களே எழுதியிருக்காங்க. நிரந்தரமாக்கினா நிறைய லீவுக்கு உங்களுக்கு அவகாசம் உண்டு. இல்லாம வேலையே நடக்காதுங்கற ஒரு ஆளுக்கு லீவு எடுக்கற உரிமையக் குடுக்கறது நிறுவனத்துக்கு ஆபத்தல்லே? அதனால உங்கள நிரந்தரமாக்க வேண்டாம்னு சிபாரிசு. எக்காரணம் கொண்டும் நீண்ட விடுப்பு தரக் கூடாதுன்னும் தனியா எழுதியிருக்கோம். இது ஒரு அங்கீகாரம், கேட்டோ.”

யோகப்பிரியாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு ஆப்பரேசன் இருக்குதுங்க சார். ஆறு வாரம் படுக்கோணும்.”

ஜோமோன் நிஜமாகவே வருத்தப்பட்டார். “அய்யோ. ஆனா நாங்க என்ன செய்யறது? நாங்களா எழுதினோம்? மூணு வருஷத்துல அடுத்த மதிப்பீடு வரும். அதுக்குள்ள நீங்க இல்லாட்டியும் நடக்கும்னு நாலு பேரு சொல்ற மாதிரிக் கொஞ்சம் முன்னேறிக்கோங்க. பூபதிராஜா சார்கிட்டக் கேட்டா சொல்லித் தருவார்.”

பூபதிராஜா, டென்மார்க்கிலிருந்து வந்த பிறகு சொல்லித் தருவதாகத் தலையசைத்தார். எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள், கார் ஏறிப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு நவ்ஷாத் கேன்களைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிய கேனையே திரும்பக் கழுவினான்.

“நல்லது நெனச்சுத்தான்க்கா எழுதினேன்” என்றான், நிமிராமல்.

“தெரியுமப்பா. நீ ஒண்ணும் பொய் எளுதலையே.”

அர்த்தநாரி எந்திரத்துப் பக்கம் போய் நின்றார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அதை ஒரு தட்டுத் தட்டி, ஒரு வசவும் வைதார்.

யோகப்பிரியா சான்றிதழைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். பன்னிரண்டாம் தேதி வர முடியாது என்றாள். மறுமுனையில் இருந்த சிஸ்டர் தமிழ்க்காரப் பெண். இதோடு மூன்றாவது தடவை நீங்கள் தள்ளிப்போடுகிறீர்கள், டாக்டர் என்னைத் திட்டுவார், ஏதாவது ஒரு நாளைக் குறித்தாக வேண்டும் என்றாள்.

“அப்ப எந்த நாளுன்னு போடட்டும்மா?”

யோகப்பிரியா உள்ளே நவ்ஷாத் கழுவிக்கொண்டிருந்த கேன்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“பால் வராத நாளாப் பாத்துப் போட்டுக்குங்க, சிஸ்டர்.”

சிஸ்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.